அம்மாவுக்கு நான் வாங்கிய நைட்டி

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அம்மாவின் பெருமையை மட்டும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

அம்மா பிறந்தது செம்பரம்பாக்கம். வாழ்க்கைப்பட்டது பருத்திப்பட்டு. அப்பா சீக்கிரமே தவறிவிட, ஆவடியில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்து அண்ணனையும் என்னையும் ஆளாக்கினார். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்குப் புடவை கட்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவர், ஒருநாள் காலையில் புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி அறையில் நின்றார். "இத்த இன்னா பண்ணணும்மா?" என்று என்னைக் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று புரிந்தது. மருத்துவர் அல்சைமர் என்றார்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தினமும் புடவையோடு மல்லுக்கட்ட என்னால் ஆகவில்லை. மூன்று நைட்டி வாங்கி வந்தேன்.

"இத்த மாட்டிகினு எப்டிமா வெளிய போவேன்?"

"ஊட்லதானேம்மா கீற?" என்றேன்.

அன்றிலிருந்து அம்மா வீட்டில்தான் இருந்தார். பால் வாங்கப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, வாசலுக்குக்கூட வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, தன் மகளின் காதுகுத்துக்கு அம்மாவை அழைத்துப்போக அண்ணி வந்தார். புடவையைச் சுற்றிவிட்டு, கொசுவத்தை மடித்து அம்மாவின் கையில் கொடுத்து, "சொருவிக்கோங்க அத்தே" என்றார். பிறகு சும்மா நின்றார். அம்மாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. செருகினார். குனிந்து பார்த்தார்.

"கோணலா கீது" என்று உருவி, தானே மறுபடி மடித்துச் செருகினார். முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் வாசலுக்குப் போய் நின்றார்.

அதன்பின் சில மாதங்களே அம்மா புடவை கட்டினார். பிறகு அதுவும் நின்றது. காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை.

மருந்து வாங்கித் தந்த பக்கத்து வீட்டாருக்கும், வீட்டு வேலைக்கு வந்து, கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டிவிட்ட அக்காவுக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் காத்திருந்தார், அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நான் என் அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கொடுக்கவில்லை.