சாக்ஸுக்குள் எங்கள் கிரேப்

எனக்கு ஃபுட்பால் பிடித்துப்போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்காக மதுரையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வார்டில் ஒரு டி.வி. இருந்தது, ரிமோட் இல்லை. எந்த மகராசன் வைத்துவிட்டுப் போனானோ, விளையாட்டுச் சேனலிலேயே நின்றுபோயிருந்தது. முதல் இரண்டு நாள் எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள், ஆஃப்சைடு என்றால் என்ன என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒரு டீமைப் பிடித்துக்கொண்டு, அது தோற்கும்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தேன்.

அந்த டீமே எங்கள் ஊர்ப் பக்கம் வந்து இறங்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையம் தாண்டி ஒரு பேண்டேஜ் கம்பெனியில், செக்கிங் பிரிவில். தினமும் மொபட்டில் போகிற வழியில் ஒரு பழைய மில் மைதானம் இருக்கிறது. ஆடி மாதம் பிறந்த சமயம், ஒருநாள் காலையில் அந்த மைதானத்துக்கு வெளியே பெரிய ஏ.சி. பஸ் நின்றது. பஸ்ஸின் பக்கவாட்டில் என் டீமின் சின்னம். வண்டியை நிறுத்திவிட்டுச் செத்த நேரம் அப்படியே நின்றேன். அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் லேட்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் தேவதானத்துக்காரர். உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன்.

"ஆரையும் விடக்கூடாதுன்னு ஆர்டரு தாயி. ஆனா கம்பி வேலிக்கு வெளிய ரோடு கவர்மெண்டுது. அங்க நின்னா நான் எப்படிக் கேக்க முடியும்?"

அது போதும் எனக்கு. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டு, ஆறு மணிக்கு வேலியோரம் நின்றேன். என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "ஏட்டி, எவனோ ஓடுறதப் பாக்க நீ எதுக்கு எந்திரிக்க?" என்றார். உங்கள் கல்லால் வந்த வினை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டி.வி.யில் பார்க்கிற ஆட்டம் வேறு, இது வேறு. முதல் மூன்று நாள் பந்தையே காணோம். தரையில் கயிற்று ஏணியைப் போட்டுக் பாண்டி ஆடுகிற பிள்ளைகள் மாதிரி கட்டத்துக்குள் கால் வைத்து வைத்துத் தாண்டினார்கள். பின்பக்கமாக ஓடினார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்துச் சுற்றினார்கள். ஆடிக் காற்றில் கூம்பு பறந்துபோக, ஒரு ஆள் அதன் பின்னாலேயே ஓடினான். அப்புறம் ஒவ்வொரு கூம்புக்குள்ளும் கல் வைத்தார்கள். எனக்கு எல்லாமே கேள்வியாக இருந்தது. பின்பக்கம் ஏன் ஓட வேண்டும்? கோல்கீப்பர்கள் மூன்று பேர் மட்டும் ஏன் ஒரு மூலையில் தனியாக விழுந்து விழுந்து எழுகிறார்கள்? தண்ணீர் பாட்டிலில் ஏன் ஆளுக்கொரு கலரில் டேப்?

நாலாம் நாள் அவர்கள் சட்டையைக் கழற்றியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை ஆம்பிளைகளும் உள்ளே பாடி போட்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அது பாடி இல்ல தாயி," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "முதுகுல ஒரு மிஷினு இருக்கு. எம்புட்டுத் தூரம் ஓடுனான், எங்க நின்னு ஏமாத்துனான்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துரும். நானும் மொத நாளு உங்கள மாதிரிதான் நெனச்சேன்."

மற்றவர்கள் பனியனில் எல்லாம் நம்பர் இருந்தது. மூன்று பேர் பனியனில் மட்டும் இல்லை. அதையும் கேட்டேன். அந்த மூன்று பேரும் சோதனைக்கு வந்தவர்கள், இன்னும் டீமில் சேரவில்லை என்றார். "ரெண்டாவது வாரம் வெள்ளிக்கெழமை லிஸ்ட்டு ஒட்டுவாவ. ஆரு இருக்கா, ஆரு மூட்டையக் கட்டுறான்னு அன்னைக்குத் தெரியும்."

நான் நிற்கிற இடத்துக்கு நேர் உள்ளே ஒரு மோட்டார் ரூம். அந்த மூன்று பேரில் ஒருவன் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, அதன் பின்னால் உட்கார்ந்து இடது கணுக்காலில் எதையோ அவசரமாகச் சுற்றுவான். மேலே சாக்ஸை இழுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போவான். முதல் நாள் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, நீ மேலேருந்து கீழ சுத்துற. வெரல்கிட்டேருந்து மேல ஏத்திக் கட்டணும். இல்லன்னா கீழ வீங்கிரும்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். என் சேலையையும் மொபட்டையும் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. "அக்கா நர்ஸா?"

"நர்ஸுக்குத் துணி குடுக்கவ."

சிரித்துவிட்டான். கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊர். வயது இருபத்தொன்பது. இதற்கு முன் கேரளாவில் செவன்ஸ் ஆட்டங்களில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தானாம். ஏழு பேர் ஆடுகிற ஆட்டம், சின்ன மைதானம், முரட்டு ஆட்டம். அங்கேதான் கணுக்காலைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். டீமின் பிசியோவிடம் காட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன். பிசியோ என்றால் வீரர்களின் காயத்தையும் சதையையும் பார்த்துக்கொள்கிறவர். டாக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

"காட்டினா அன்னைக்கே அனுப்பிருவாங்க அக்கா. காண்ட்ராக்டுல கையெழுத்துப் போட்ட பொறவு காலு போச்சுண்ணா அவங்க பாத்துக்கிடுவாங்க. ஆபரேசனும் அவங்க செலவு, சம்பளமும் உண்டு. அதுக்கு முன்னால போச்சுண்ணா அது எனக்க காலு மட்டும்தான்." பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். யாருகிட்டயும் செல்லாதீங்க. இந்த வயசுக்கு மேல என்னைய யாரும் டிரயலுக்குக் கூப்பிட மாட்டாங்க," என்றான்.

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவன் கட்டியிருந்தது எங்கேயோ வாங்கின மட்டமான துணி, இழுவையே செத்துப்போனது. மறுநாள் எங்கள் கம்பெனி கிரேப் பேண்டேஜில், அதாவது சுளுக்குக்குச் சுற்றுகிற இழுவைத் துணியில், இரண்டு ரோல் கொண்டுபோய் வேலி வழியாகக் கொடுத்தேன். எங்கள் கிரேப்பின் ஓரத்தில் நீல இழை ஒன்று ஓடும். பதினாறு வருஷமாக அந்த நீல இழை நேராக ஓடுகிறதா, நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பார்த்து, சுருட்டி, பெட்டிக்குள் அனுப்பிவிடுவோம். அதோடு சரி. அது எந்த ஊருக்குப் போகிறது, யார் கையில் யார் காலில் ஏறுகிறது என்று ஒரு விவரமும் தெரியாது. எங்கள் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நடப்பதைக்கூட நான் பார்த்ததில்லை. இவன் ஓடினான்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது ஃபுட்பாலே இல்லை. பந்து எங்கே போனால் எனக்கென்ன. அவன் சட்டென்று திரும்பும்போது கட்டு நகர்கிறதா, குதித்து இறங்கும்போது தாங்குகிறதா, வேர்வையில் தளர்கிறதா, இதே ஆராய்ச்சிதான். பயிற்சி முடிந்ததும் மோட்டார் ரூம் பக்கம் வந்து சாக்ஸை லேசாக இறக்கிக் காட்டுவான். நீல இழை வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். எனக்குப் பெருமை தாங்காது. கம்பெனியில் யாரிடமும் சொல்லவும் முடியாது. சொல்லாமல் வைத்துக்கொண்டு ரோலைச் சுருட்டுகிறபோது கை தனியாகச் சிரித்தது.

வியாழக்கிழமை. மறுநாள் லிஸ்ட். அன்று அவன் நன்றாக ஆடினான். வலது ஓரத்திலிருந்து வந்த பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போக, இவன் அதற்கும் முன்னால் போய் நின்று தலையால் முட்டினான். வெள்ளைக்காரக் கோச் கைதட்டினார். நானும் வெளியில் நின்று கைதட்டினேன்.

பயிற்சி முடியும் நேரம் பிசியோ கேட் பக்கம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது. கட்டுத்துணி தீர்ந்துவிட்டது, பக்கத்தில் நல்ல மெடிக்கல் ஷாப் எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்டார். வாட்ச்மேன் என்னைக் கைகாட்டி, "இந்தத் தாயி பேண்டேஜ் கம்பெனிதான் சார். இந்தியா முச்சூடும் இங்கேருந்துதான் போகுது," என்றார்.

பிசியோ என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சிரித்தார். "இங்க செய்யறது புண்ணுக்குக் கட்ட நல்லாயிருக்குமுங்க. விளையாட்டுக்கு ஆகாதுங்க. நாலு தடவ திரும்பி ஓடுனா லூசாயிரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் மூளைக்கும் ஒட்டுறவு கிடையாது, இது என் வீட்டுக்காரர் கல்யாணமான மாதமே கண்டுபிடித்த விஷயம்.

"லூசாயிருமா? எந்த ஊருத் துணிய எந்த ஊருக்காரிகிட்ட வந்து சொல்லுதீக? உங்க ஆளே ஆறு நாளா எங்க கிரேப்பத்தான் கட்டி ஓடுதான். ஒரு இழை நகரல. உங்க கண்ணுக்குத்தான் தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வாட்ச்மேன் தரையைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்களா?" என்றார் பிசியோ. சிரிப்பு போய்விட்டது. "யாருங்க?"

"இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"யாருங்க அக்கா?"

நான் மொபட் சாவியைத் தேடினேன். அவருக்கு என் பதில் தேவையாகவும் இல்லை. திரும்பி நடந்துபோய் எல்லாரையும் வரிசையாகப் புல்லில் உட்காரச் சொன்னார். சாக்ஸை இறக்கச் சொன்னார். இருபத்துச் சொச்சம் பேர் சிரித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் இறக்கினார்கள். கடைசியிலிருந்து இரண்டாவதாக அவன். எல்லாரும் இறக்கி முடித்த பிறகும் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிசியோ அவன் முன்னால் குந்தி, தானே சாக்ஸை உருட்டி இறக்கினார். கட்டைப் பிரித்தபோது கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது வேலிவரைக்கும் தெரிந்தது. பிரித்த துணியைச் சுருட்டிப் புல்லில் போட்டார். அவன் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை நான் வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். என்னையே எனக்குச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு மனுஷன் இத்தனை நாள் வலியைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். எனக்குத் துணியின் மானம் பெரிதாகிவிட்டது. அன்றைக்கு எத்தனை ரோல் பார்த்தேன், எதைக் கழித்தேன், ஒன்றும் நினைவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை ஏசினார்.

சனிக்கிழமை காலையில் தாங்கமாட்டாமல் மைதானத்துக்குப் போனேன். வாட்ச்மேன் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். மூன்று பேரில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். "அந்தக் கன்னியாரித் தம்பி இப்பத்தான் ஆட்டோல போறாரு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு. திருநேலி பஸ்ஸுக்குத்தான் நிப்பாரு."

மொபட்டை முறுக்கினேன். திருநெல்வேலி பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெரிய பை. இடது காலில் புதுக் கட்டு, வெளிநாட்டுத் துணி, அழகாகக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"நான்தான் சொன்னேன் தம்பி. ஒன்னையச் சொல்லணும்னு சொல்லல. வாய் வந்துருச்சு."

"தெரியும் அக்கா. டாக்டரு செல்லிட்டாரு."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெரியும்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" அந்த நேரத்திலும் கேட்டேன். என் புத்தி அப்படி.

"ஸ்கேன் எடுத்தாங்க. ஜவ்வு முக்காவாசி கிழிஞ்சிருக்காம். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா முழுசா போயிருக்குமாம். பொறவு பந்து தொடவே முடியாதாம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "எனக்கு அந்த ஒரு நாளு கிடைச்சிருந்தா போதும் அக்கா. ஒரு கையெழுத்து."

பஸ் வந்து நின்றது. பையை நான் தூக்கப் போனேன், விடவில்லை. ஒற்றைக் காலில் ஊன்றி ஏறி, படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். வியாழக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். எதெதையோ கேட்டேனே ஒழிய அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

அவன் ஜன்னல் கம்பி வழியாகக் குனிந்தான். "அக்கா, உங்களைப் பாத்தா நன்றி செல்லணும்ணு டாக்டரு செல்லிவிட்டாரு. காலைக் காப்பாத்திக் குடுத்தது நீங்கதானாம். எனக்குச் செல்ல வரல்ல. மன்னிச்சுக்கிடுங்க."

பஸ் கிளம்பிவிட்டது.