அங்கிளின் ராஜா நடந்து வந்த வழி

என் கணவரின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது அவர் இன்னும் என் கணவராகவில்லை. பிறை என்கிற ஊரில் ஒரே தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அவர் இயந்திரப் பராமரிப்பு, நான் தரக் கட்டுப்பாடு. பழகி இரண்டு வருடமாகியிருந்தது. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் இந்துக்கள். "மதம் மாறச் சொன்னா ஒண்ணும் பேசாத. சாப்பிட்டுட்டு எழுந்து வந்துடு," என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அப்போதும் சாப்பாட்டை விடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தேவாலயத்தில் பூசை முடித்து வந்த பிறகு போனேன். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தது அவருடைய அப்பா, எனக்கு அங்கிள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. "வா," என்றார். பிறகு தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் எதிரில் சதுரங்கப் பலகை இருந்தது, அந்தப் பக்கம் மகன். அப்பாவும் மகனும் ஞாயிறு தவறாமல் ஆடுவார்களாம். அன்றைக்கும் அதை நிறுத்தவில்லை.

அவருடைய அம்மா, எனக்கு ஆண்டி, சமையலறையில் ஆட்டுக்கறி கிளறிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். "நீ உக்காருமா, இங்க ரெண்டு பேர் நிக்க எடம் இல்ல," என்று அனுப்பிவிட்டார். அதனால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊர், வேலை, அப்பா அம்மா, எதுவும்.

ஆட்டம் பாதியில் இருந்தபோது கீழேயிருந்து ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. எட்டிப் பார்த்த மகன், "என் கெரேத்தா ஒருத்தர மறைச்சிக்கிட்டு நிக்குது," என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த வீடுகளில் ஒரு காரை எடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நிற்கும் இன்னும் மூன்று காரின் சொந்தக்காரர்களைத் தேட வேண்டும். சீக்கிரம் வரமாட்டார் என்பது அங்கிளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார்.

"ஒனக்குக் காய் நகத்தத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் அங்கிள்."

"அப்ப அவன் எடத்துல உக்காரு. சும்மா கெடக்குது."

இடைநிலைப் பள்ளியில் நான் மாநில அணியில் ஆடியிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு விட்டுப்போயிற்று. இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, பேச்சு அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

பலகையைப் பார்த்ததும் மகன் எப்படி ஆடுவார் என்பது புரிந்தது. ராணி, இரண்டு குதிரை, மந்திரி எல்லாவற்றையும் அங்கிளின் ராஜா பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார், பின்னால் எதையும் கவனிக்காமல். அங்கிள் பொறுமையாக இன்னொரு பக்கத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். நிதானமாக ஆடினால் இன்னும் பத்து நகர்த்தலில் தோற்போம். தோற்றால் ஒன்றும் குறைந்துவிடாது. மருமகளாக வரப்போகிறவள் மரியாதையாகத் தோற்றாள் என்று அங்கிளுக்கும் திருப்தியாக இருக்கும்.

இப்படி யோசித்தது உண்மைதான். ஆனால் என் குதிரைக்குப் பின்னால் மந்திரி ஒளிந்து நிற்பதைப் பார்த்ததும், யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ராணியை எடுத்து அவருடைய ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை வெட்டி, அங்கேயே வைத்தேன்.

அங்கிள் என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"பாத்து வைம்மா. அது குவீன்."

"தெரியும் அங்கிள்."

"திருப்பி எடுத்துக்கோ. பரவால்ல லா."

"வேணாம் அங்கிள். நீங்க ஆடுங்க."

ராஜாவால் ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை. நான் குதிரையைத் தூக்கினேன். குதிரையும் பின்னாலிருந்த மந்திரியும் ஒரே நேரத்தில் செக். ராஜா ஒரு கட்டம் முன்னால் வந்தது. அடுத்த குதிரையால் இன்னொரு செக். ராஜா மறுபடி முன்னால் வந்தது. அங்கிளின் மற்ற காய்கள் எல்லாம் எட்டாத தூரத்தில் நின்றன. ராஜா மட்டும் தனியாகப் பலகையின் நடுவில், வெயிலில் நிற்கிற மாதிரி நின்றது.

அங்கே ஒரு சிப்பாயைத் தள்ளி செக் வைத்தேன். ராஜாவுக்கு இரண்டு இடம் இருந்தது: திரும்பிப் போகலாம், அல்லது இன்னும் முன்னால் வரலாம். அங்கிள் நெடுநேரம் யோசித்தார். சமையலறையில் கறி கிளறும் சத்தம் நின்றிருந்தது. ஆண்டி கரண்டியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் முன்னால் வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மந்திரியால் ஒன்று, சிப்பாயால் ஒன்று, ராஜா என் காய்களுக்கு நடுவிலேயே வந்து மாட்டியது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து மூலையில் அசையாமல் இருந்த கோட்டையை நகர்த்தினேன்.

"மேட், அங்கிள்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்த நேரம் பார்த்து மகன் வியர்த்துப்போய் உள்ளே வந்தார். பலகையையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா, ராஜா அங்க என்ன செய்யுது?" என்றார்.

"சாப்பாடு ஆறிப்போவுது," என்றார் ஆண்டி.

"இரு," என்றார் அங்கிள். காய்களை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தி, நான் ராணியைக் கொடுத்த இடத்துக்கே கொண்டுவந்தார். ஒரு காய்கூடத் தவறவில்லை. மறுபடி ஆடிக் காட்டச் சொன்னார். சிப்பாயால் செக் வைத்த இடம் வந்ததும் நிறுத்தி, ராஜாவைப் பின்னால் கொண்டுபோனார்.

"இப்ப என்ன செய்வ?"

பார்த்தேன். எனக்கு அடுத்த செக் இல்லை. கையில் ராணியும் இல்லை.

"ஒண்ணும் செய்ய முடியாது அங்கிள்."

"அப்ப நீ தோத்திருப்ப."

"ஆமா. ஆனா நீங்க பின்னால போகலயே."

அவருடைய உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மகனுக்கும் தெரியவில்லை. "குதிரையப் பிடிச்சிடலாம்னு நெனச்சேன்," என்றார். பிறகு சாப்பிடப் போனோம். சாப்பாட்டின் போதும் அதே பேச்சுதான். ஒரு ஆட்டு எலும்பையும் உருளைக்கிழங்கையும் வைத்து, தன் கோட்டை எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஆண்டிக்கு விளக்கினார். ஆண்டி உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த நிலையைத் தொலைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தேன். அங்கிள் சொன்னதுதான் சரி. ராஜா பின்வாங்கியிருந்தால் என் ஆட்டம் முடிந்திருக்கும். மறுநாள் அங்கிளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அது நேத்தே எனக்குத் தெரியும்மா," என்றார். "மெஷின்ல கேக்கணுமா?"

அந்த ஆட்டத்தால் கல்யாணம் முடிவாகிவிடவில்லை. எந்த முறைப்படி என்று இரண்டு வீடும் மாதக்கணக்கில் இழுத்தன. ஒரு கட்டத்தில் அங்கிள், "கோயில்ல தாலி கட்டினா நான் வரமாட்டேன்," என்றுகூடச் சொன்னார். எனக்கு அது வலித்தது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையை எடுத்து வைத்தார், நானும் போய் உட்கார்ந்தேன். கல்யாணப் பேச்சை அந்த மேசையில் இருவரும் எடுக்கவில்லை. கடைசியில் அவரைச் சமாதானப்படுத்தியது ஆண்டியும் தேவாலயத்துப் பங்குச் சாமியாரும். காலையில் தேவாலயம், மாலையில் கோயில் என்று முடிவானது. இரண்டுக்கும் வந்தார்.

இப்போதும் ஆடுகிறோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார். நான் ராணியை அவர் ராஜா பக்கம் கொண்டுபோனால் போதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்ப்பார்.