வண்டிகளைக் கெடுக்கும் அக்கா

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குட்டி வண்டியைக் கையில் எடுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முறுக்குகிறார் திருப்புளி அக்கா. அடுத்த வண்டியில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போடுகிறார். பிள்ளைகள் வருவதற்குள் ஏழு வண்டிகளையும் கெடுத்தாக வேண்டும். இதுதான் அவர் பாடத்துக்குத் தயாராகும் லட்சணம்.

"ஓடுறதக் குடுத்தா பிள்ளைங்க வேடிக்கை பாக்கும். ஓடலேன்னாதான் உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாக்கும்."

பள்ளிக்கூடத்தின் மாடியறையில் வாரம் இரண்டு நாள் ரோபோ வகுப்பு எடுக்கிறார். அதற்கு முன் லிப்ட் பழுது பார்த்தவர். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும்; பட்டப்பெயர் அதனால் வந்தது. பிள்ளைகளின் வேலையில் பெரியவர்கள் கை வைத்தால் பொல்லாத கோபம் வரும். மகளுக்கு உதவப் போய் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "சார், ஆசையா இருந்தா உங்களுக்குத் தனியா ஒண்ணு தரேன். அவகிட்ட இருந்து பிடுங்காதீங்க."

தலைமையாசிரியைக்கு இந்தக் கெடுக்கும் வேலை பிடிக்கவே இல்லை. பெற்றோர் வரும் கண்காட்சியில் வண்டி ஏதாவது மக்கர் செய்தால், வகுப்பை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். கம்பெனி ரோபோ மூடி முத்திரையிட்ட பெட்டியில் வரும். பட்டனை அமுக்கினால் ஆடும்.

"பட்டன் அமுக்கறதுக்கு ஒரு வகுப்பா? அத லிப்ட்லயே கத்துக்கலாமே" என்றார் அக்கா.

கண்காட்சியன்று, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேலேயே போக வேண்டிய என் மகளின் வண்டி, வளைவு வந்ததும் கோட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் போயிற்று. இரண்டாவது முறையும் அதே கதை. பிள்ளைகள் மாடியறையில் திரை போட்டே பழகியவர்கள். கண்காட்சிக் கூடத்தில் வெயில் விழும் என்று அக்கா உட்பட ஒருவரும் யோசிக்கவில்லை. தலைமையாசிரியை தயாராக வைத்திருந்த கம்பெனிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இருங்க மேடம். அவ பாத்துக்கிட்டுதானே இருக்கா" என்றார் அக்கா. இடத்தை விட்டு அசையவில்லை.

மகள் தரையில் படுத்து வண்டியின் அடியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் இப்படி வந்து நிக்கிறீங்களா? வெயில்ல அதுக்குக் கோடு தெரியல. உங்க நிழல் வேணும்."

அத்தனை பெற்றோர் முன்னால் மறுக்க முடியாமல் தலைமையாசிரியை நகர்ந்து நின்றார். வண்டி அவர் நிழலுக்குள் சமர்த்தாக வளைந்து, கோட்டின் முனைவரை போய் நின்றது. கூடம் கைதட்டியது.

தலைமையாசிரியை அக்காவின் காதருகே குனிந்தார். "அப்பாடா, ஓடிருச்சு. ஓட்டிக் காட்டினது போதும், இதோட நிறுத்திக்குங்க. அடுத்த வருஷமும் வகுப்பு உங்களுக்குத்தான்."

அக்கா தலையாட்டினார். நேராக வெயில் வரும் பக்கத்துக்கே நடந்துபோய், மூடியிருந்த இன்னொரு ஜன்னலின் திரையையும் முழுக்க விலக்கினார்.