பாலிகஞ்ச் முற்றத்து ஓட்டைக் கார்

என் மாமனாரின் காரில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது, காலடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பூனை என்னைப் பார்த்தது. எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகிக் கல்கத்தாவில் பாலிகஞ்சுக்கு நான் வந்த புதிது. மாமனார் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன அந்தப் பழைய காரை வாங்கி, நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். அதன் கூரையில் மாமியார் வடகம் காயப்போடுவார். அதற்குமேல் அந்த வண்டியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அவர் அதைச் செப்பனிட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் பழைய பேப்பரைத் திணிப்பார். மேலே பட்டி பூசுவார். அதன்மேல் பச்சைப் பெயிண்ட். பார்க்க ஜோராக இருக்கும். மழை பெய்தால் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். பேப்பர் ஊறி உப்பி, பட்டி பாளம் பாளமாக உதிரும். மறுபடி பூசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூசி மெழுகுகிற வேலை எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது.

கீழே இருந்த வங்காளி வீட்டுக்காரம்மாவை மாஷிமா, அதாவது சித்தி, என்போம். நல்ல ஆகிருதி. ஒரு நாள் படியேறி வந்து கறாராகச் சொல்லிவிட்டார். துர்கா பூஜைச் சமையல் முற்றத்தில்தான். ஓடுகிற வண்டியென்றால் அந்த நாட்களில் தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், மஹாளயாவன்று அவரே வண்டியில் ஏறிப் பார்ப்பார். தரை தாங்காவிட்டால் பழைய இரும்புக்காரன் வருவான். இன்ஜின் ஓடும், தரைதான் இல்லை. மாமனாருக்கு அன்று சாதம் இறங்கவில்லை.

மறுநாள் நான் ஸ்க்ரூ டிரைவருடன் இறங்கினேன். பச்சைப் பெயிண்டைக் குத்திய இடமெல்லாம் உள்ளே போனது.

"குத்தாதேம்மா. பாவம், வயசான வண்டி" என்றார் மாமனார்.

"வயசாச்சுன்னா பூசி மறைச்சா சரியாயிடுமாப்பா? செத்ததை வெட்டித்தான் எறியணும்."

மாடியிலிருந்து மாமியார், "நன்னாக் கேட்டுக்கோங்கோ. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றா" என்றார்.

வெட்டினோம். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிறவரை உளியால் வெட்டினோம். ஒரு பழைய டிரம்மைப் பிரித்து, தட்டி நிமிர்த்தித் தகடாக்கி, ரிவெட் அடித்து, விளிம்பெல்லாம் தார் பூசினோம். தினமும் சண்டை. அவர் பதிலுக்குக் கத்தவே மாட்டார். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

மஹாளயாவன்று மாஷிமா பையுடன் வந்து ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தரை அசையவில்லை. "கரியாஹாட் மார்க்கெட் போங்க, ஐயர்பாபு."

திரும்பி வந்தபோது பையில் இரண்டு பெரிய இலிஷ் மீன். முட்டைகூட வீட்டுக்குள் வராத மனிதரின் கார். மாமியார் மாடியில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். மாஷிமா இறங்கி, காருக்குள் தரையைக் காட்டினார். பையிலிருந்து ஒழுகிய மீன் தண்ணீர் குளமாக நின்றிருந்தது. குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார்.

"ஒரு சொட்டு கீழே போகலை. வண்டி இங்கேயே இருக்கட்டும்."

அவர் போனதும் மாமனார் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது வெளியே போக ஒரே ஒரு ஓட்டை போடட்டுமாப்பா?" என்றேன்.

"கிட்ட வந்தே, பாரு" என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு, பழந்துணியால் மீன் தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.