கசிகிற புண்ணை மூடக்கூடாது

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். எந்நேரமும் பஞ்சும் கையுமாக அலைவதால் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்குக் கட்டுப் போடும் மேசை, எனக்கு ஊசி போடும் மேசை. நடுவில் ஒரு திரை, அதுவும் பாதி கிழிந்தது.

கட்டுப் போடுவதில் என்ன வித்தை இருக்கிறது, பஞ்சை வைத்துச் சுற்ற வேண்டியதுதானே என்று நினைப்பவர்கள் அவளிடம் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். காய்ந்து கிடக்கும் புண்ணுக்கு ஈரம் கொடுக்கிற ஜெல். நீர் கசிகிற புண்ணுக்கு அதை உறிஞ்சுகிற தடித்த பட்டை. குழி விழுந்ததை மேலாக மூடினால் உள்ளே சீழ் குடித்தனம் நடத்தும். அதற்குத் துணித் திரியை அடிவரை தளர்வாக நிரப்ப வேண்டும். கண்ணாடித்தாள் மாதிரி ஓர் ஒட்டுத்தாள் உண்டு. ஒட்டினால் சில நாள் பிரிக்கவே வேண்டாம், வலியும் கிடையாது. ஆனால் அது சின்னச் சிராய்ப்புக்கு மட்டும்தான்.

"புண்ணப் பாத்துக் கட்டுப் போடு, ஆளப் பாத்துப் போடாத" என்று புதிதாக வரும் பெண்களைப் படுத்தி எடுப்பாள். யார் எப்படிக் கத்தினாலும் அவள் கை நடுங்காது. கல்நெஞ்சுக்காரி என்று வலி தாங்காதவர்கள் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும், புண் ஆறினால் சரி என்பாள்.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். சர்க்கரை வியாதி உண்டு, பிடிவாதம் அதைவிட அதிகம். பூட்ஸ் போடு, பூட்ஸ் போடு என்று பட்டறையில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். மனுஷன் செருப்போடுதான் நிற்பேன் என்று நின்றார். ஒரு நெருப்புத் துண்டு புறங்காலில் விழுந்து தோலை வழித்துவிட்டது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். வீட்டிலேயே கைராசிக்காரி இருக்கும்போது அங்கே எதற்கு என்று கேலி பேசிக்கொண்டு வீட்டிலேயே காலை நீட்டினார்.

முதல் நாள் அவள் துணிதான் வைத்துக் கட்டினாள். மறுநாள் பிரித்தபோது அது புண்ணோடு ஒட்டிக்கிடந்தது. அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்களாம். ஊரார் கத்தலுக்கெல்லாம் பழகிய காதுக்கு அந்த ஒரு குரல் மட்டும் பழகவில்லை. புண் நன்றாகக் கசிந்துகொண்டிருந்தது. தெரிந்தும், அந்த ஒட்டுத்தாளை எடுத்து ஒட்டினாள். மேலே ஒரு துணியைச் சுற்றினாள். பார்க்காமல் இருக்க அதுவும் ஒரு வசதி. வலி போய்விட்டது என்று அவருக்குச் சந்தோஷம். இன்றைக்குப் பிரிக்கலாம், நாளைக்குப் பிரிக்கலாம் என்று இவள் தள்ளிப்போட்டாள். எனக்கு இப்போது நினைத்தாலும் அவள் மேல் ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

பிறகு வீட்டில் ஒரு வாடை வந்தது. எங்கள் வேலையில் அந்த வாடை உடுப்பிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். தன்மேல்தான் அடிக்கிறது என்று நினைத்து, வேலை முடிந்து போனதும் தலைக்குக் குளித்தாள். மறுநாளும் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளித்தாள். வார லீவன்று அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அன்றைக்கும் வாடை இருந்தது. அப்போதுதான் அவர் காலருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தாள். அவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. சுற்றிய துணிக்கு மேலே கெண்டைக்கால்வரை சிவப்பு ஏறியிருந்தது. டாக்டர் அறுவை அறையைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் உட்காரம்மா, நான் பிரிக்கிறேன் என்றார். அவள் அசையவில்லை.

படுத்திருந்தவர்தான் சொன்னார். "அவளே பிரிக்கட்டும் டாக்டர். இந்தத் தடவ கத்த மாட்டேன். அவளுக்குத் தாங்காது."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். பஞ்சக்கா துணியை அவிழ்த்தாள். ஒட்டுத்தாளின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தாள். தாளோடு தோலும் வந்தது. அடியில் தேங்கியிருந்தது வழிந்து கட்டிலை நனைத்தது. நடுவில் சதை கறுத்துக் கிடந்தது. இடுக்கியில் பஞ்சைப் பிடித்து அதற்குள் விட்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

கம்பியைப் பிடித்த பிடி தளரவில்லை. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எவ்வளவு நேரம்டி காத்திருக்கறது? சீக்கிரம் ஆரம்பி."

இடுக்கி உள்ளேதான் இருந்தது. அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அந்தக் கறுத்த இடத்திலேயே மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள்.

"கத்துங்க" என்றாள். "உங்களக் கும்பிடறேன், ஒரே ஒரு தடவ கத்திடுங்க."