கதியாலுக்கு வெட்டிய கன்றுகள்

காட்டை நன்றாகப் பராமரிப்பவருக்கு விருது கொடுக்க ஊரவர் யாரும் பெயர் முன்மொழியலாம். ஆனால் அவர்மேல் பொலிஸ் வழக்கு இருக்கக்கூடாது. சுவிஸில், ஆராவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச்சபையின் விதி இது. எண்பதுகளில் அகதி விடுதியில் இருந்தபோதே அதைப் படித்துவைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

விடுதித் தோட்டத்துக்கு வேலி போட, அடுத்த காட்டில் ஓக் கன்றுகளை வெட்டினேன். யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கதியால் கம்பு வெட்டி நட்டால் துளிர்க்கும். இதுவும் துளிர்க்குமென்று நினைத்தேன். நான்காவதை வெட்டும்போது காட்டுக்குச் சொந்தக்காரரான கிழவர் கோடரிப் பிடியால் அடித்தார். முன்கை எலும்பு முறிந்தது. விழுந்த பிறகும் உதைத்தார்.

"விடாதேங்கோ அண்ணை, பொலிசுக்கு எழுதுங்கோ. சட்டமெல்லாம் உங்களுக்குத்தானே பாடம்" என்றான் அறைத்தோழன். முறியாத கையால் நான்கு பக்கம் எழுதினேன்.

அடுத்த வாரம் கிழவர் ட்ராக்டரில் காய்ந்த கம்புகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கேட்டிருந்தால் தந்திருப்பேனே" என்றார். கட்டுப் போட்டிருந்த என் கையை மட்டும் பார்க்கவில்லை.

காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மான் கடிக்காதபடி ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலை. அந்த வலையை அறுத்துத்தான் நான் வெட்டியிருந்தேன். நான்கு இடத்திலும் இப்போது புதுக் கன்று, புது வலை.

அன்றே அவர் பெயரை விருதுக்கு முன்மொழிந்தேன். வழக்கு இருப்பதால் தகுதியில்லை என்றார்கள். வழக்கு என்னுடையது. முறைப்பாட்டை வாபஸ் பெற்று மறுபடி எழுதினேன். பதில் இல்லை.

அந்த மாரியில், புயலில் முறிந்த மரம் விழுந்து அவரை நசுக்கியது. அவர் அடித்தது சரியென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் எலும்பு ஒட்டிக்கொண்டது. நான் வெட்டிய கன்றுகள் ஒட்டவில்லை.

விருது அவருக்கே, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்ற பதில், அவரை அடக்கம் செய்த மறுநாள், செவ்வாய்க்கிழமை வந்தது.