பாதி ஆட்டத்தில் எழுந்து வந்தவர்

என் வீட்டுக்காரர் ஜெரார்டிடம் இப்போது யாராவது, "இந்த வாரம் யாரு ஜெயிப்பா?" என்று கேட்டால், காதில் விழாதவர் மாதிரி போய்விடுகிறார். ஒரு காலத்தில் கேட்காமலே சொல்வார். பஃபலோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பால் பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. இறைச்சிக்கடையோ தேவாலய வாசலோ, எங்கே நின்றாலும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு குறி கேட்பார்கள். சொன்னது பெரும்பாலும் பலித்தும் தொலைத்தது. அதுதான் தலைக்கு ஏறிப்போனது.

அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்த ஆட்டத்துக்கு என் தம்பி ஃப்ளோரியனைக் கூட்டிப்போனார். இரும்பாலையில் முட்டி நசுங்கியதிலிருந்து அவன் மைதானத்துப் பக்கமே போனதில்லை. அன்றைக்குக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து, உச்சி வரிசை வரைக்கும் ஏறியிருக்கிறான்.

பாதி ஆட்டத்துக்குள் எங்கள் ஆட்கள் முப்பது புள்ளிக்கு மேல் பின்தங்கிவிட்டார்கள். பிளேஆஃபில் தோற்றால் அந்த வருஷத்துக்கு அதோடு சரி. ஜெரார்ட் எழுந்து நின்றார்.

"வா மாப்ள, கெளம்பலாம். இனிமே இதுல ஒண்ணும் இல்ல."

"இருந்து பாத்துட்டே போலாமே மச்சான். இவ்ளோ படி ஏறி வந்தாச்சு."

"நான்தான் சொல்றேன்ல. நான் சொல்லி எது தப்பியிருக்கு? அப்புறம் கூட்டத்துல மாட்டுனா உன் காலுதான் பாடுபடும்."

கால் பேச்சை எடுத்ததும் தம்பி எழுந்துவிட்டான். பாவி மனுஷன், அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

இவர்கள் தட்டுத்தடுமாறி இறங்கி, காரில் ஏறி ரேடியோவைப் போட்டால், எங்கள் ஆட்கள் பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டிருந்தார்கள். கார் நகர்வதற்குள் இன்னொன்று. மூன்றாவதுக்கு மைதானத்திலிருந்து கிளம்பிய இரைச்சலில் கார்க் கண்ணாடி அதிர்ந்ததாம். இவர் ஓட, அவன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வர, வாசலில் காவலாள் கையை விரித்துவிட்டான்.

"வெளிய போனா போனதுதான் சார். திரும்ப விட மாட்டோம்."

பக்கத்தில் ஆளுயரக் கம்பிவேலி. இவரைப் போலவே அவசரப்பட்ட மேதாவிகள் சிலர் அதில் ஏறி உள்ளே குதித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரியன் வேலியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"நீ போ மச்சான். நான் கார்ல உக்காந்து ரேடியோ கேட்டுக்கறேன்."

அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கார் சாவியை அவன் கையில் திணித்துவிட்டு வேலியேறிப் போனார். கடைசி உதையில் பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்து எங்கள் ஊர் ஜெயித்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். வீடு வந்து சேரும்வரை ஃப்ளோரியன் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாராம், பக்கத்தில் நின்றவன் வீசிய தொப்பி கீழே ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தது உட்பட.

சமையலறையில் என்னிடம் நடந்ததையெல்லாம் கொட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு ஐரீன். நான் பண்ணினத நாளைக்கே எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்."

சொல்வதற்கு ஃப்ளோரியன் இடம் கொடுத்தால்தானே. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி, கோழி இறக்கைகளைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "நீங்க பாதியிலயே வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே?" என்று என் சித்தப்பா மகன் நக்கலாகக் கேட்டான். ஜெரார்ட் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"யாரு சொன்னா? கடைசி வரைக்கும் இருந்து பாத்தோம். எங்க பக்கத்துல இருந்த ஒருத்தன் தொப்பியக் கழட்டி வீசினான் பாரு, அது நேரா கீழ ஒரு பொம்பள தலையில போயி உக்காந்துச்சு. இல்ல மச்சான்?"

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இல்லையென்றால் தம்பி காரில் தனியாகக் கிடந்ததையும் அல்லவா சொல்ல வேண்டும்; இவர் தலையை ஆட்டிவைத்தார்.

இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஃப்ளோரியன் தொப்பிக் கதையை அலுக்காமல் சொல்கிறான். "ஆமா மாப்ள, ஒண்ணாத்தானே பாத்தோம்" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, எல்லாரும் வேறு பேச்சுக்குப் போகும்வரை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.